பட்டன் டயர் போட்ட ஆஸ்பத்திரி வேகன்

புதிதாக வண்டியெடுக்க வந்திருக்கும் தம்பிகளில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு படம் காட்டினார். அவருடைய முதலாளி வாங்கியிருக்கும் பெரிய எஸ்யூவி. அதற்குக் கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர் மாட்டியிருந்தார்கள். "எடுப்பா இருக்குல்ல சார்?" என்றார். எடுப்பாகத்தான் இருந்தது. பின் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். முதலாளியின் அம்மாவாம். அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டா என்று கேட்டேன். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்திருப்பார். இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கியர் போடுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது வேறு.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தேன். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம். நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெரிய விவசாயிகள் சிலர் சேர்ந்து கமிட்டி அமைத்து நடத்தினார்கள். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்சுகள், ஒரு வேகன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. இன்றைக்கு எஸ்யூவி என்கிறீர்களே, அதற்குத் தாத்தா. யானை கனம். பின் சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டு நோயாளியைப் படுக்க வைத்துக்கொள்வோம்.

கமிட்டித் தலைவருக்கு நூறு ஏக்கர் நஞ்சை. நல்ல மனிதர், ஆனால் சக்கரம் பற்றி அவருக்கு ஓர் உறுதியான கொள்கை இருந்தது. இரும்புப் பட்டை அடித்த மாட்டு வண்டியிலேயே வளர்ந்தவர் அவர். சக்கரம் என்றால் கல்லு மாதிரி இருக்க வேண்டும். தினம் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கைத்தடியால் நாலு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார். 'ணங்' என்று கேட்டால் முகம் மலரும். சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தால், "இன்னாப்பா, வண்டிக்கு ஒடம்பு செரியில்லையா?" என்பார். அவர் தட்டுவதைப் பார்த்து நர்சுகள், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரும் வண்டியைத் தாண்டும்போதெல்லாம் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்த மாதிரி. நானும் அந்தச் சத்தத்துக்காகவே அளவுக்கு மேல் காற்றடித்து வைத்திருப்பேன். வேலை பார்க்கிற இடத்தில் சத்தம் முக்கியம்.

அந்த வருஷ மழையில் சாலவாக்கம் ஏரிக்கரையில் போகும்போது வேகன் வழுக்கி நெல்வயலில் இறங்கிவிட்டது. பழைய டயர்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. வண்டிக்குள் டாக்டரம்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். உள்ளே இருந்தவர் தலைவர். வேட்டியெல்லாம் சேறாக வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே கமிட்டி கூடிவிட்டது.

மெட்ராசிலிருந்து புது டயர்கள் வந்தன. மிலிட்டரி வண்டிக்குப் போடுகிற தினுசு. ஒவ்வொரு கட்டையும் செங்கல்லில் பாதி இருக்கும். அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கமிட்டிக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தலைவர் கைத்தடியால் தட்டினார். 'ணங்.'

உண்மையைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரைச் சேற்றில் அந்த டயருக்கு ஈடே கிடையாது. களிமண்ணைக் கவ்விக்கொண்டு போகும். ஆனால் எங்கள் வேகன் மாதம் முழுவதும் சேற்றிலா ஓடியது? தார் ரோட்டில் ஏறினால் கட்டைகள் போடும் ஊளைச் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். அதிலும் ஒரு லாபம் இருந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஒவ்வொரு கட்டையும் தரையில் இறங்குவது முதுகெலும்பில் தெரியும். டாக்டரம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன டிரைவர், அம்மியில உட்கார்ந்து போற மாதிரி இருக்கு" என்றார். தலைவரிடம் சொன்னேன். "அதாம்பா ஸ்ட்ராங்கு" என்றார்.

கழற்றிய மொட்டை டயர்களை ரிம்மோடு ஏலம் விட்டார்கள். அப்போதுதான் எங்கள் பக்கம் டயர் வைத்த மாட்டு வண்டி வரத் தொடங்கியிருந்தது. ஆற்றோர ஊர் விவசாயி ஒருவர் இரண்டு டயரை எடுத்துப் போய்த் தன் மாட்டு வண்டியில் மாட்டிக்கொண்டார். எங்கள் கமிட்டிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாசி மாதம் ஒரு நாள், பகல் சாப்பாட்டு வேளை. கூலி வேலை செய்யும் தேவராசு என்கிற பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு நிறைமாதம். நாற்று வயலில் நின்றபோதே ரத்தப் போக்கு தொடங்கிவிட்டது. வலி இல்லை, ரத்தம் மட்டும். வேகனை எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனோம், டாக்டரம்மா உள்ளே போய் அவளைப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். ஆபரேஷன் பண்ணணும். நச்சுக்கொடி கீழ இறங்கி வழிய மறைச்சுக்கிட்டு இருக்கு. குலுங்கினா ரத்தம் அதிகமாகும். தாயும் போகும், பிள்ளையும் போகும். குலுங்கக் கூடாது. லேட்டாகவும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் உலகத்தில் எல்லா முதலாளிகளும் உத்தரவு போடுகிறார்கள். டாக்டரம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்டது அவருக்காக இல்லை. ஆனால் கல்லு மாதிரி காற்றடித்த பட்டன் டயரை வைத்துக்கொண்டு இரண்டையும் கொடுக்க என்னால் முடியாது.

மெத்தையில் கன்னியம்மாவைக் கிடத்தினோம். தலைமாட்டில் டாக்டரம்மா, கால்மாட்டில் தேவராசு. மண் ரோட்டில் மெதுவாகப் போனேன். மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டயர் கொஞ்சம்கூட வளைந்து கொடுக்காமல் அப்படியே மேலே தூக்கிப் போட்டது. பின்னால் அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். "மறுபடி ரத்தம் வருது டிரைவர், பார்த்து" என்று டாக்டரம்மாதான் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாலாற்றுக்கு வந்தோம். எதிர்க்கரையில் வாலாஜாபாத். தரைப்பாலம் மழையில் உடைந்து கிடந்ததால், எல்லா வண்டியும் மணலில் இறங்கித்தான் ஏற வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, புது டயர், மணல் எம்மாத்திரம் என்றுதான் இறங்கினேன். பாதி ஆறுகூடத் தாண்டவில்லை. சேற்றைக் கவ்விய அதே கட்டைகள் மணலை வாரி வாரிப் பின்னால் போட்டன. கிணறு வெட்டுகிற ஆள் மாதிரி நாலு சக்கரமும் தங்களுக்குத் தாங்களே குழி பறித்துக்கொண்டு இறங்கின.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். வண்டி புதைகிறபோது டிரைவருக்கு ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அமுக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். ஆற்றில் துணி துவைத்தவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "இன்னும் ஏத்துப்பா, கெளம்பிக்கும்" என்றார் ஒருவர். "ரிவர்ஸ் போட்டு ஒரு தூக்கு தூக்கு" என்றார் இன்னொருவர். "வண்டிய இன்னாத்துக்கு மணல்ல எறக்கின?" என்றார் மூன்றாமவர். காலை எடுத்துவிட்டேன். எஞ்சினையும் நிறுத்திவிட்டேன். எதுவும் செய்யாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகத் தெரியாது, திட்டுவார்கள். திட்டட்டும்.

அந்தச் சமயத்தில் வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை இறக்கிவிட்டு ஒரு காலி மாட்டு வண்டி எதிரே வந்தது. மணல்மேல் கொஞ்சமும் இறங்காமல், பாயில் நடக்கிற மாதிரி வந்தது. சக்கரத்தைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த ஒட்டு நான் போட்டது. நாங்கள் கழித்துக்கட்டிய எங்கள் மொட்டை டயர். காற்று பாதிகூட இல்லை. அதனால் அகலமாகப் படிந்து, மணலை நோண்டாமல் மிதந்து வந்தது. இந்தக் காட்சியைத் தலைவர் பார்க்கவில்லையே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு வருத்தம் வந்தது.

டாக்டரம்மாவும் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய் வண்டிக்காரரை நிறுத்தி, நோயாளியை அக்கரையில் விட வேண்டும் என்றார். அந்த விவசாயி வேகனுக்குள் எட்டிப் பார்த்தார். தேவராசைப் பார்த்தார்.

"எந்தத் தெரு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் விலாசம் கேட்பதாக அர்த்தமில்லை, சாதி கேட்பதாக அர்த்தம். தேவராசு தலையைக் குனிந்துகொண்டான். நானும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா மெட்ராஸ்காரர், அவருக்கு இது தெரியாது.

"தெருப் பேரு தெரியலையே. ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பமா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வாங்க, ஒரு பக்கம் பிடிங்க" என்றார்.

மனிதர் என்ன சொல்வார்? இத்தனை பேர் நடுவில் ஒரு டாக்டர் நம்பி கையை நீட்டுகிறார். பிறகு, "வைக்கோல பரப்பிக்கிறேன் இருங்க, பலகை குத்தும்" என்று வண்டியில் ஏறினார். மெத்தையோடு கன்னியம்மாவைத் தூக்கியபோது ஒரு முனையை அவரே பிடித்தார். மாடுகளை அதட்டாமல், மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனார். டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்தபடி மணலில் கூடவே நடந்தார்.

நான் டயரில் காற்றை இறக்கினேன். தேவராசு கையாலேயே மணலைத் தோண்டினான்.

"அண்ணே, காத்து எறக்கிட்டா வண்டி இன்னும் எறங்கிடாதா?"

"எறங்காது. தோண்டு."

"ஆண்டே கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

ஆண்டே என்று அவன் சொன்னது தலைவரை. அவர் வயலில்தான் அவனுக்குக் கூலி. பெண்டாட்டி மாட்டு வண்டியில் உயிருக்குப் போராடிக்கொண்டு போகிறாள். அவனுக்கு என் வேலை போய்விடுமே என்று கவலை. "அத அப்பறம் பாத்துக்கலாம், தோண்டு நைனா" என்றேன்.

டயர் சப்பையாகி உட்கார்ந்ததும், சின்ன கியரில், முட்டைமேல் கால் வைக்கிற மாதிரி ஆக்சிலேட்டரைத் தொட்டேன். வேகன் முனகிக்கொண்டே எழுந்து வந்துவிட்டது. கரையில் இருந்த நிபுணர்கள், தாங்கள் சொன்னபடி செய்ததால்தான் வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கரையில் கன்னியம்மாவை மறுபடி வேகனுக்கு மாற்ற வேண்டும். இனி காஞ்சிபுரம் வரை தார் ரோடு. இப்போதுதான் உண்மையான கேள்வி வந்தது. இவ்வளவு கனமான வண்டி சப்பை டயரில் தார் ரோட்டில் ஓடக் கூடாது. ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது, வளைவில் சாயும், டயர் சூடேறிப் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும். முறைப்படி நாலுக்கும் காற்றடிக்க வேண்டும். கைப் பம்பில் அடித்து முடிப்பதற்குள் அவளிடம் ரத்தம் மிச்சமிருக்காது. அதோடு, அடித்து முடித்தால் மறுபடி அதே அம்மிக்கல்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அம்மா, டயர மெத்துனு வுட்டா குலுங்காது. ஆனா வேகமாப் போவ முடியாது, வளைவுல வால ஆட்டும். கெட்டியா அடிச்சா வேகமாப் போலாம், குலுங்கும். ரெண்டுல ஒண்ணுதான்."

அவர் கன்னியம்மாவின் துணியைப் பார்த்தார். மாட்டு வண்டியில் வந்த தூரத்துக்கு ரத்தம் ஏறக்குறைய நின்றிருந்தது.

"குலுங்க வேண்டாம்" என்றார். "நேரத்த நான் பார்த்துக்கறேன்."

நேரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. பொறுப்பில் பாதியை அவர் தூக்கிக்கொண்டார், அவ்வளவுதான். முன் டயர் இரண்டுக்கு மட்டும், ஸ்டீரிங் பிடிக்கிற அளவுக்கு, நானும் தேவராசும் மாறி மாறிக் கொஞ்சம் அடித்தோம். அவள் படுத்திருக்கும் பின்பக்கத்தை மெத்தென்றே விட்டுவிட்டேன். முன்னால் கெட்டி, பின்னால் மெத்து என்றால் வால் வீசும் ஆபத்து அதிகம். தெரிந்துதான் செய்தேன். திடீரென்று திருப்பாமல், திடீரென்று மிதிக்காமல் ஓட்டினால் வீசாது. அதை என் கையும் காலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். டயரின் பலவீனத்துக்கு டிரைவர் ஈடு கொடுக்கலாம். நோயாளியால் கொடுக்க முடியாது.

பின்னால் ஒரு பஸ்காரன் ஆரன் அடித்துக்கொண்டே வந்தான். மாட்டு வண்டிகூட எங்களை முந்திவிடும் போலிருந்தது. ரப்பர் சூடேறுகிற வாடை உள்ளேயே வந்தது. ஒரு வளைவின் நடுவில் தேவராசு சொன்னான்:

"அண்ணே, கண்ண மூடிக்கினா. பேச மாட்டேங்கிறா."

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அந்த வளைவில், அந்தப் பின் டயரில், மிதித்திருந்தால் வேகன் குறுக்கே திரும்பியிருக்கும். திரும்பிப் பார்க்கவும் முடியாது. வளைவு முடிகிற வரை நான் ரோட்டைத்தான் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வளைவை நான் ஓட்டியதில்லை. பின்னால் டாக்டரம்மாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"நாடி இருக்கு" என்றார். அப்புறம் குனிந்து பார்த்திருப்பார் போல. "தூங்கறா. இப்படியே போங்க டிரைவர்."

ரோடு கலங்கிப்போய்த் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க முடியாததால் அப்படியே ஓட்டினேன்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். பின் டயர் இரண்டும் பிழைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பக்கவாட்டில் வெடிப்பு.

கமிட்டி கூடியது. ஒரே கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். புது டயர்களின் வலிமையால் வேகன் பாலாற்றைக் கடந்து இரண்டு உயிரைக் காப்பாற்றியதற்குக் கமிட்டிக்குப் பாராட்டு. காற்றைச் சரியாகக் கவனிக்காமல் டயரைக் கெடுத்த டிரைவருக்குக் கண்டிப்பு. இரண்டு தீர்மானத்தையும் முன்மொழிந்தவர் தலைவர்தான். டாக்டரம்மா எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். "ஒங்களுக்கு டயரு பத்தித் தெரியாதும்மா" என்று அன்பாக உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் பந்தலுக்குப் பக்கத்தில் வேகனைக் கழுவி நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி நாலும் பட்டன் டயர். கன்னியம்மாவைக் குழந்தையோடு மேடையில் ஏற்றினார் தலைவர். அவள் அந்த மாதிரி மேடைகளில் ஏறுகிற தெருவில் பிறந்தவள் இல்லை. மைக்கை அவள் பக்கம் நீட்டி, "பயப்படாம சொல்லும்மா, நம்ம வண்டி எப்டி இருந்துச்சு?" என்றார்.

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் யோசிக்கிற மாதிரி யோசித்தாள்.

"மொதல்ல ரொம்பப் பேஜாரா இருந்துச்சு ஆண்டே. செத்துப்பூட்டேன்னே நெனச்சேன். அப்பறம் மாட்டு வண்டில ஏத்துனாங்க. அதுக்கப்பறம் குலுக்கலே தெரியல, தூங்கிப்பூட்டேன். ஆஸ்பத்திரி வர வரைக்கும் அந்த மாட்டு வண்டிலதான் வந்தேன்."

பந்தலில் சிரித்தார்கள். தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டு, பாவம், மயக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொல்கிறாள் என்று சபையோருக்கு விளக்கினார். தேவராசு திருத்தப்போனான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.